மூலமும் உரையும்: கலைஞரின் திரைத் தழுவல்கள்

ஒருவர் இயற்றிய நூலை மற்றொருவர் வேறு வடிவில் வழங்கும்போது, அவர் எதற்குக் கடமைப்பட்டவர்? மூல ஆசிரியரின் சொல்லுக்கா, அச்சொல்லின் உட்பொருளுக்கா, அன்றி எதிரே அமர்ந்திருக்கும் மக்களுக்கா? அரபு மதரஸாக்களில் கிதாபு ஓதியோர்க்கு இவ்வினா புதியதன்று. மத்னு எனப்படும் மூலமும், அதற்கெழுந்த ஷரஹு என்னும் உரையும் ஒரே பக்கத்தில் அச்சாகி வருவதைக் கண்டு பழகியவர் நாம். உரை எழுதியவர் எத்துணைப் பெரிய இமாமாயினும், மூலத்தின் வரி தனித்தே நிற்கும். எது எவருடையது என்னும் ஐயம் மாணவனுக்கு எழ வழியில்லை.

திரைப்படத்தில் இந்த வசதி கிடையாது. நாடகத்தையோ நாவலையோ தழுவி எடுக்கப்பட்ட படம் மூலத்தையும் உரையையும் ஒன்றாகக் கரைத்துவிடுகிறது. பார்ப்போர் காதில் விழுவது ஒரே குரல். அக்குரல் எவருடையது என்று பிரித்தறியும் வேலையே திறனாய்வின் வேலை. தமிழ்த் திரையில் அவ்வேலைக்கு மிகப் பொருத்தமான இடம், நம் காவிரிக் கழனி நாட்டிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 75 படங்களுக்கு எழுதிய கலைஞர் மு. கருணாநிதி அவர்களின் திரைப்பணியாகும்.

திரைப்படத்தைப் பற்றி இத்தகைய ஏட்டில் எழுதலாமோ என்று சில பெரியவர்கள் தயங்கக்கூடும். ஆனால் கொட்டகைப் பக்கமே கால் வைக்காத நம் இல்லங்களிலும் அவருடைய வசனம் நுழைந்தது. இசைத்தட்டாகவும், ஒலிபெருக்கி வழியாகவும், காலணாப் பெறுமானத் தாளில் அச்சிட்ட வசனப் புத்தகமாகவும் அது வந்து சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு அதை மனனம் செய்தனர். நம் பிள்ளைகளின் தமிழை உருவாக்கிய ஒன்றை எடைபோடாமல் விடுவது அறிவுடைமை ஆகாது. அரசியலில் அவரை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. இங்கு நாம் பேசுவது எழுத்தைப் பற்றியே.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில், திருக்குவளை என்னும் சிற்றூரில், 1924ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அவர் பிறந்தார். நாதசுர மரபுக் குடும்பம். சிறுவயதில் இசை பயில அனுப்பப்பட்டபோது, தம் குலத்தார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டிய இழிவைக் கண்டு மனம் வெதும்பி அப்பயிற்சியை விட்டதாக அவரே கூறியிருக்கிறார். திருவாரூரில் படித்தபோது கையெழுத்து ஏடு நடத்தினார். 1942இல் முரசொலியைத் தொடங்கினார். அதன் தொடக்ககால வெளியீடுகளை அச்சிட்டுத் தந்து துணைநின்றவர் திருவாரூர் கருணை ஜமால் என்பது நம் மக்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி. பின்னர் நாடகம், அதன் பின் திரை. 1947இல் வந்த 'ராஜகுமாரி'யில் தொடங்கிய அப்பணி 2011 வரை நீண்டது. 2018 ஆகஸ்ட் 7ஆம் நாள் அவர் மறைந்தார். 2024இல் தமிழ்நாட்டு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கிற்று.

அவர் திரைக்கு எழுதியவற்றுள் நிலைபெற்றவை பெரும்பாலும் தழுவல்களே. 'மந்திரி குமாரி' (1950) தம் சொந்த நாடகத்திலிருந்து. அந்நாடகமோ குண்டலகேசியின் கதையிலிருந்து. 'பராசக்தி' (1952) பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம். 'மனோகரா' (1954) பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். 'மலைக்கள்ளன்' (1954) நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல். 'ரங்கோன் ராதா' (1956) அறிஞர் அண்ணாவின் நாவல். 'இருவர் உள்ளம்' (1963) எழுத்தாளர் லட்சுமியின் 'பெண் மனம்'. 'பூம்புகார்' (1964) சிலப்பதிகாரம். முதுமையில் எழுதிய 'இளைஞன்' (2011) மாக்சிம் கார்க்கியின் 'தாய்'. இத்துணை வேறுபட்ட மூலங்களுக்கு ஒரே கை உரை எழுதியிருக்கிறது. அக்கையின் ரேகை என்ன என்பதே நம் வினா.

இதற்கு விடை காண அரபு இலக்கியத்தில் ஒரு பழைய நிகழ்வை நினைவுகூர்வோம். நம் நாட்டுப் பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பஹ்லவி மொழிக்குச் சென்றது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஉ அதனை அரபியில் 'கலீலா வ திம்னா' எனத் தந்தார். மூலத்தில், சிங்கத்துக்கும் எருதுக்கும் பகை மூட்டிய சூழ்ச்சிக்கார நரி தண்டனை ஏதுமின்றித் தப்பிவிடுகிறது. அரபு நூலிலோ நரி மன்றத்தில் நிறுத்தப்பட்டு, விசாரிக்கப்பட்டு, தண்டிக்கப்படுகிறது. அந்த விசாரணை அத்தியாயம் இப்னுல் முகஃப்பஉ தாமே சேர்த்தது என்பது அறிஞர்களின் கருத்து. குற்றவாளி தப்பிச் செல்வதை அவர் உள்ளம் ஒப்பவில்லை. ஆகவே கதைக்குள் ஒரு நீதிமன்றத்தைக் கட்டினார். தழுவுபவர் தம்மை மறைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

கலைஞரும் கதைக்குள் நீதிமன்றம் கட்டுபவரே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இப்னுல் முகஃப்பஉவின் மன்றத்தில் குற்றவாளி விசாரிக்கப்படுகிறான். கலைஞரின் மன்றத்தில் கூண்டில் நிற்பவனே குற்றம் சாட்டுகிறான், குற்றவாளியாவது மன்றமே. 'பராசக்தி'யில் பூசாரியைத் தாக்கிய குணசேகரன் கூண்டேறி, தன் தங்கையைப் பசியால் ஓட ஓட விரட்டிய சமுதாயத்தின் மேல் வழக்குத் தொடுக்கிறான். அத்தங்கையின் வழக்கை விசாரிக்க நீதிபதியாக அமர்ந்திருப்பவர் அவர்களுடைய அண்ணனே. 'மனோகரா'வில் சங்கிலியால் பிணிக்கப்பட்ட மகன் தந்தையின் அரசவையில் நின்று, தாய்க்கு இழைத்த அநீதிக்காக அத்தந்தையையே குறுக்கு விசாரணை செய்கிறான். தம் வரலாற்றுக்கு அவர் இட்ட பெயரே 'நெஞ்சுக்கு நீதி' என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

இக்காட்சியை அவர் எங்கிருந்து பெற்றார்? அயல்நாட்டுப் படங்களிலிருந்து என்று கூறுவாருண்டு. நம் துணிபு வேறு. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட ஒரு பெண், கையில் ஒற்றைச் சிலம்புடன் பாண்டியன் அவையில் நின்று வழக்குரைத்தாளே, அந்தக் காட்சியே அது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நெஞ்சில் தேக்கிவைத்த ஒருவர், கைக்கு வந்த ஒவ்வொரு நாடகத்திலும் நாவலிலும் கண்ணகியைத் தேடினார். பராசக்தியின் குணசேகரனும் மனோகரனும் ஆண் வடிவெடுத்த கண்ணகிகள். 1964இல் அவர் சிலப்பதிகாரத்தையே படமாக்கியபோது, பன்னிரண்டு ஆண்டுகளாக வேறு வேறு மூலங்களுக்கு எழுதிவந்த உரை தன் மூலத்தை வந்தடைந்தது எனலாம்.

இவ்வாறு பார்த்தால், அவருடைய தழுவல்களில் எது வென்றது, எது நலிந்தது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மூலத்திலேயே வழக்குரைக்கும் வித்து இருந்தால் அவர் உரை அதனை மரமாக்கிற்று. மூலத்தின் உயிர் வேறிடத்தில் இருந்தால், அவர் தம்மை அடக்கிக்கொண்ட அளவுக்கே வெற்றி கிட்டியது.

முதலில் 'மனோகரா'. சம்பந்த முதலியார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுகுண விலாச சபையின் மேடைக்கென எழுதிய நாடகம் அது. 1936இலேயே அவரும் நடித்துத் திரைப்படமாக வந்தது. சம்பந்த முதலியார் தாமும் ஒரு பெரிய தழுவலாளர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' என்றும் தமிழாக்கியவர். மனோகரன் தன் சினத்தைத் தாயின் கட்டளைக்காக அடக்கி வைத்திருப்பவன். அக்கட்டளை எப்போது தளரும் என்பதே நாடகத்தின் முறுக்கு. கலைஞர் அம்முறுக்கைக் கெடுக்கவில்லை; நாணை மேலும் இழுத்தார். கண்ணாம்பாவின் குரலில் தாயின் ஆணை மாறும் அக்கணத்திற்காக முழுப்படமும் காத்திருக்கிறது. மூலத்தின் உட்பொருளுக்குக் கடமைப்பட்டு, சொல்லை மட்டும் புதிதாக்கிய தழுவல் இது. இதனைச் சிறந்த ஷரஹு என்று நாம் தயங்காமல் கூறுவோம்.

'மந்திரி குமாரி' வேறு வகை. நாதகுத்தனாரின் குண்டலகேசிக் காப்பியத்தில் சில பாடல்களே எஞ்சியுள்ளன; கதை பிறர் உரைகளாலும் பௌத்த நூல்களாலும் தெரியவருகிறது. கொலைத் தண்டனைக்குரிய கள்வனைக் காதலித்து மணந்த பெண், அவன் தன்னை மலையுச்சியில் கொல்லத் துணிந்ததை அறிந்து, வலம் வந்து வணங்குவதாகச் சொல்லி அவனைத் தள்ளிவிடுகிறாள். திரைப்படத்தில் அக்கள்வன் ராஜகுருவின் மகன். இது பகுத்தறிவு இயக்கத்தார் தம் கொள்கைக்காகப் புகுத்தியது என்று பலர் நினைப்பர். ஆனால் பாலி மொழி உரைகளிலேயே அக்கள்வன் அரச புரோகிதனின் மகனாகத்தான் சொல்லப்படுகிறான். புகுத்தல் என்று நாம் ஐயுறும் இடத்தில் பழைய மூலம் இருப்பதுண்டு. உரையாசிரியரைக் குறைகூறுமுன் மூலத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். எனினும் மூலக்கதையின் பயணம் துறவையும் சமய வாதத்தையும் நோக்கியது. படத்தின் விசையோ அரண்மனைச் சூழ்ச்சியில் இருக்கிறது. இங்கு அவர் எடுத்தது கதையின் முதுகெலும்பு. விட்டது அதன் மூச்சு.

'மலைக்கள்ளன்' நம் வாசகர்கள் தனிக் கவனத்துடன் நோக்கவேண்டியது. 1930இல் வேதாரண்யத்திற்கு உப்பெடுக்கச் சென்ற தொண்டர்களுக்கு நடைப்பாட்டுத் தந்த காந்தியவாதி நாமக்கல் கவிஞர். அவருடைய நாவலுக்குத் திராவிட இயக்க எழுத்தாளர் உரையாடல் எழுதினார். கொள்கையால் எதிரெதிர் நின்ற இருவர் ஒரு கதையில் சந்தித்தனர். படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இந்தியிலும் தென்னாட்டு மொழிகளிலும் சிங்களத்திலும் மறுவடிவம் கண்டது. அதில் மலைக்கள்ளன் ஊருக்குள் நடமாட மேற்கொள்ளும் வேடம், அப்துல் ரஹீம் என்னும் முஸ்லிம் வணிகர். நம்மவர் திரையில் வருவது வேடமாக மட்டுமா என்று கேட்கத் தோன்றும், கேட்பது நியாயமே. ஆயினும், ஊர் மறுபேச்சின்றி நம்புவதற்கு அக்கள்வன் தேர்ந்தெடுத்த முகம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். நாணயமான வணிகர் என்ற நற்பெயரே அங்கு முகமூடியாகிறது. கேலிப் பேச்சுக்கு இரையாக்காமல் அம்முகத்துக்குரிய கண்ணியத்தைக் காத்தது அப்படத்தின் சிறப்பு. சாகசக் கதைக்கு வழக்குமன்றம் தேவையில்லை என்று உணர்ந்து அடங்கி எழுதியதும் இதில் அவருக்குள்ள பெருமை.

'ரங்கோன் ராதா'வில் அண்ணாவின் நாவலே ஒரு தழுவல் நிழலைத் தாங்கியது. 1938இல் இங்கிலாந்தில் மேடையேறிய பாட்ரிக் ஹாமில்டனின் நாடகமும், அதிலிருந்து 1944இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட படமும், மனைவியைப் பைத்தியம் என்று நம்பவைக்கும் கணவனைப் பற்றியவை. அண்ணா அதனைத் தமிழ்நாட்டுச் செல்வர் வீட்டுக்குக் கொணர்ந்தார். தர்மலிங்க முதலியார் தன் மனைவி ரங்கத்தைப் பித்துப் பிடித்தவள் என்று ஊரை நம்பவைக்கிறார்; அவள் தங்கையின் மேலும் சொத்தின் மேலும் அவருக்குக் கண். இக்கதையின் கொடுமை, வாய்விட்டு முறையிட முடியாத வீட்டறைக் கொடுமை. பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டவள் எந்த மன்றத்தில் வழக்குரைப்பாள்? பேச்சுக்கு இடமில்லாமையே இங்குப் பொருள். பேச்சையே படைக்கலமாகக் கொண்ட எழுத்தாளருக்கு இது கடினமான தேர்வு. பானுமதியின் முகம் பேசும் இடங்களில் படம் உயர்கிறது; வசனம் அம்முகத்தை விளக்க முற்படும் இடங்களில் தாழ்கிறது.

'இருவர் உள்ளம்' அவரைப் பற்றிய பொதுக் கருத்துக்கு விடையாக நிற்பது. கலைஞர் என்றால் அடுக்குமொழி, அவருடைய மாந்தர் அனைவரும் ஒரே நாவால் பேசுவர் என்பது குற்றச்சாட்டு. 'பராசக்தி'யைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. அங்குப் பிச்சைக்காரனும் வழக்கறிஞனும் இட்லிக் கடைப் பெண்ணும் எதுகையோடு பேசுகின்றனர். ஆனால் லட்சுமியின் குடும்ப நாவலுக்கு எழுதியபோது அவர் வீட்டுப் பேச்சையே எழுதினார். விரும்பாத திருமணத்தில் கட்டுண்ட சாந்தா, ஒழுக்கம் கெட்டுத் திருந்திய கணவனிடம் காட்டும் மௌனத்தை அவர் வசனத்தால் நிரப்பவில்லை. கதையில் கொலை வழக்கு வருகிறது. ஆனால் தீர்ப்புக்குரியது அவ்விருவரின் உள்ளமே. அடக்கம் அவருக்குத் தெரியாத கலையன்று. அதனை அவர் அடிக்கடி கையாளவில்லை என்பதே நம் குறை.

கடைசியாக 'இளைஞன்'. கார்க்கியின் நாவலில் மகன் பாவெல் நீதிமன்றத்தில் பேசும் பேச்சு உண்டு. ஆகவே இம்மூலம் அவருக்காகவே எழுதப்பட்டது போன்றது. முன்னரே அதனைத் 'தாய் காவியம்' எனக் கவிதையாகவும் தந்திருந்தார். ஆயினும் படம் மக்களைத் தொடவில்லை. காரணம் காலமாற்றம் மட்டுமன்று. கார்க்கியின் நாவலில் உயிர் மகனின் பேச்சில் இல்லை. எழுத்தறியாத, அடிபட்டுப் பழகிய ஒரு தாய் மெல்ல மெல்லக் கண் திறப்பதில் இருக்கிறது. நூலின் பெயர் 'தாய்'. படத்தின் பெயர் 'இளைஞன்'. அப்பெயர் மாற்றத்திலேயே தழுவல் மூலத்தைக் கைவிட்ட இடம் தெரிகிறது. கேட்டுக்கொண்டிருப்பவளின் கதையைப் பேசுகிறவனின் கதையாக்கியது பிழை.

மாற்றம் செய்வதே குற்றம் என்று நாம் கூறவில்லை. அரபுப் பேரறிஞர் ஜாஹிழ் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில், கவிதை பிறமொழிக்கு மாறினால் அதன் யாப்பும் அழகும் உடைந்துபோகும் என்றார். ஆனால் நம் உமறுப் புலவர் அவ்வச்சத்தைக் கடந்தவர். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் பார்த்தவர்க்குத் தெரியும்: அங்கு அரபு நாட்டில் மழை பொழிகிறது, வெள்ளம் பாய்கிறது, உழவர் நாற்று நடுகின்றனர், நெல் விளைகிறது. மணல்வெளியைக் கண்டறியாத தமிழ் உழவனுக்கு அந்நாட்டின் பெருமையை உணர்த்த வயலைக் காட்டுவதே வழி என்று புலவர் அறிந்திருந்தார். நிலத்தை மாற்றினார், வரலாற்றின் அமானிதத்தை மாற்றவில்லை. தஞ்சைத் தரணியில் ஏர்பிடித்தவன் அதனைக் கேட்டால் தன் ஊர் என்றே உணர்வான். ஆனால் எவருடைய சரிதம் என்பதில் ஒருபோதும் மயங்கமாட்டான். தழுவலுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி நமக்குத் தேவையில்லை.

அமானிதம் என்றதும் மற்றொன்றைச் சொல்லியாக வேண்டும். 'பராசக்தி' எவருடையது என்று கேளுங்கள். கலைஞருடையது என்பர்; சிவாஜியுடையது என்பர்; கிருஷ்ணன்-பஞ்சு இயக்கியது என்று நினைவாற்றல் மிக்கவர் சொல்வர். பாவலர் பாலசுந்தரம் என்று சொல்வோர் எத்தனை பேர்? உரையின் ஒளியில் மூலவரின் பெயர் மங்கிவிட்டது. 'ராஜகுமாரி'யில் உதவி என்ற அளவிலேயே பெயர் பெற்றுத் திரைத்துறைக்குள் நுழைந்தவர் கலைஞர். பெயர் மங்குவதன் வலியை அவரும் அறிந்தவரே. நாகூர் மண்ணின் மைந்தர் காஜா மொய்தீன், ரவீந்தர் என்னும் பெயரில் 1958இல் 'நாடோடி மன்ன'னுக்குக் கண்ணதாசனுடன் இணைந்து உரையாடல் எழுதினார். இன்று நாகூரிலேயே எத்தனை இளைஞர் அவர் பெயரை அறிவர்?

ஹதீதுக் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்போம். இவரிடமிருந்து இவர், அவரிடமிருந்து அவர் என்று சங்கிலி அறுபடாமல் வரவேண்டும். கலைகளுக்கும் அத்தகைய தொடர் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். மனோகரா என்றால் சம்பந்த முதலியாரிலிருந்து கலைஞர். மலைக்கள்ளன் என்றால் நாமக்கல் கவிஞரிலிருந்து கலைஞர். இருவர் உள்ளம் என்றால் லட்சுமியிலிருந்து கலைஞர் என்று நம் பிள்ளைகள் சொல்லப் பழகட்டும். அதனால் கலைஞரின் பெருமை குன்றாது. தனித்து நிற்கும் மூலத்தின் அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் உரையாசிரியரின் ஆற்றல் எவ்வளவு என்பது விளங்கும்.

தீர்ப்பாக ஒன்று கூறுவோம். கலைஞர் தமிழ்த் திரைக்குத் தந்த பெருங்கொடை, வாயற்றவனைக் கூண்டில் ஏற்றி வழக்குரைக்கச் செய்ததே. அவர் தழுவல்களின் பெருங்குறையும் அதுவே: எல்லாக் கதைகளும் வழக்குகள் அல்ல. சில கதைகள் மௌனத்தால் பேசுபவை. அவற்றைத் தழுவுபவர் தம் நாவைக் கட்டவும் கற்கவேண்டும். 'இருவர் உள்ள'த்தில் அவர் அதனைச் செய்தார்; 'இளைஞ'னில் செய்யத் தவறினார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்தறிவது, இனி நாவலையும் நாடகத்தையும் திரைக்குக் கொண்டுசெல்ல விழையும் நம் இளைய எழுத்தாளர்க்குப் பெரும் பயன் தரும்.